கடைசிப் பேர் கிடைக்காத சங்கிலி

இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள், செல்லங்களே. மழைச் சத்தத்தில் பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்காது. காலை நீட்டிக்கொள்ளுங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கம்ப்யூட்டருக்குள் நடந்த ஒரு கதை சொல்லப் போகிறேன். எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாதே என்று எழுந்துவிடாதீர்கள். இன்னொருவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கத் தெரிந்த எவருக்கும் இந்தக் கதை புரியும்.

ஜொகூரில், தம்போய் என்கிற இடத்தில், ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் வேன் சர்வீஸ் ஒன்று நடந்தது. பள்ளிக்கூட வேன் இல்லை. சிறுநீரகம் கெட்டுப்போனவர்களை வீட்டு வாசலில் ஏற்றி, டயலிசிஸ் சென்டரில் இறக்கி, ரத்தம் சுத்தம் செய்து முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய் விடுகிற வேன். எந்த வேன் யாரை எப்போது ஏற்ற வேண்டும் என்று டிரைவர்களுக்குச் சொல்லும் புரோகிராமை எழுதியவள் ஷரோன். சம்பளம் சுமார்தான். ஆனாலும் அவள் அந்த வேலையை விடாமல் இருந்ததற்குக் காரணம் அவளுடைய அண்ணன் திமோத்தி. கூலாயில், அப்பா விட்டுப்போன தாழ்வான வீட்டில் தனியாக இருந்தான். அவனும் அந்த வேனில் போகிறவன்தான். அப்பா அம்மா போன பிறகு அவனுக்கு அவள், அவளுக்கு அவன். வேறு ஆள் இல்லை.

அந்தப் புரோகிராமுக்குள் பேர்கள் எப்படி நின்றன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். தாளில் எழுதினால் எல்லாப் பேரையும் ஒரே பார்வையில் பார்த்துவிடலாம் அல்லவா. இது அப்படி இல்லை. இருட்டில் ஆட்கள் வரிசையாக நிற்பது மாதிரி. ஒவ்வொருவரும் தனக்கு அடுத்தவரின் கையை மட்டும் பிடித்திருப்பார். முதல் ஆளைப் பிடித்தால் அவர் இரண்டாமவரைக் காட்டுவார், இரண்டாமவர் மூன்றாமவரைக் காட்டுவார். கடைசி ஆளின் கை சும்மா தொங்கும். சும்மா தொங்கும் கை வந்தால் வரிசை முடிந்தது என்று அர்த்தம். புதிதாக ஒருவரைச் சேர்க்க வேண்டுமானால் முதல் ஆளிடமிருந்து ஒவ்வொரு கையாகத் தடவிக்கொண்டே போய், அந்தச் சும்மா இருக்கும் கையில்தான் அவரைக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியும்.

இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இனி மழைக்கு வருவோம்.

வருடக் கடைசி மழை. வெள்ளிக்கிழமையே கூலாயில் தண்ணீர் ஏறி, அங்கிருந்த டயலிசிஸ் சென்டரை மூடிவிட்டார்கள். திமோத்திக்கு அன்றைய முறை போயிற்று. திங்கட்கிழமை காலையில் தண்ணீர் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. ஷரோன் ஆபீஸ் படியேறும்போது அண்ணனிடமிருந்து போன் வந்தது. பின்னால் தீயணைப்புப் படையின் மோட்டார் படகு இரைச்சல்.

"பாப்பா, பொம்பாக்காரங்க படகு கொண்டாந்திருக்காங்க. நான் ஏறிட்டேன். ஃப்ரிட்ஜ் முன்னாடியே கிளம்பிப் போயிடுச்சு."

"எங்க கூட்டிட்டுப் போறாங்க?"

"தெரியலலா. வெள்ள முகாமாம், பிபிஎஸ்னாங்க, ஏதோ ஸ்கூலோ ஹாலோ. ஒண்ணு நிறைஞ்சா இன்னொண்ணுக்கு மாத்துறாங்களாம்."

"மூச்சு எப்படி இருக்கு?"

"பேசறேன்ல." பேசினான்தான். ஆனால் நாலு வார்த்தைக்கு ஒரு முறை நின்று நின்று பேசினான். "கால் ரெண்டும் தலகாணி மாதிரி இருக்கு. போன்ல பேட்டரி இல்ல பாப்பா. வேன அனுப்பி விடு. சன்னல் சீட்."

அதோடு போன் செத்துப்போனது.

உடம்பில் சேர்ந்த நீரும் உப்பும் வெளியே போக வழியில்லாதவனுக்கு ஒரு முறை தவறலாம். இரண்டாவதும் தவறினால் இதயம் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும் என்று டாக்டர் அவளிடம் எப்போதோ சொல்லியிருந்தார். பெர்மாஸ் ஜெயாவில் ஒரு சென்டர் வெள்ளத்தில் மாட்டியவர்களுக்காக மெஷின்களைத் திறந்து வைத்திருந்தது. ஓர் அண்ணனும் ஒரு மெஷினும் ஊரின் இரண்டு மூலையில் இருந்தார்கள். அண்ணன் எந்த மூலை என்பதுதான் தெரியவில்லை.

தெரிந்துகொள்ள ஒரே ஒரு வழி இருந்தது. வேன் சர்வீஸ் முதலாளி ராஜசேகரன் முந்தின நாளே வெள்ள முகாம் தொண்டர்களிடம் பெருமையாகச் சொல்லியிருந்தார்: "டயலிசிஸ் பேஷன்ட் வந்தா எங்க ஆப்ல பேர தட்டிவிடுங்க, எந்த ஹால்ல இருக்காங்கன்னு போடுங்க, எங்க வேன் வந்து நிக்கும்." அவர்களும் காலையிலிருந்து தட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். ஒரு பேர்கூட ஷரோனின் திரையில் வரவில்லை. திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

அவள் ஒவ்வொரு ஹாலாகப் போன் போட்டாள். பாதி எடுக்கவில்லை. எடுத்த ஒரு பெண் சொன்னாள், "அக்கா, கிட்னிக்காரங்க பேர் எல்லாம் உங்க ஆப்லயே போட்டுட்டோம்க்கா. தனியா எழுதி வைக்கல. எத்தன பேர் வராங்க, யாரு எங்கன்னு எனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்?" அவளைக் கோபிக்க முடியாது. பின்னால் குழந்தைகள் அழுதுகொண்டிருந்தன.

ராஜசேகரன் ஈரக் குடையோடு உள்ளே வந்தார்.

"என்னாம்மா இது, காலைலேருந்து சுத்துது? ஆஃப் பண்ணி ஆன் பண்ணு லா."

"பண்ணக்கூடாது பாஸ்."

"ஏன்?"

"இது வரைக்கும் தட்டின பேரெல்லாம் உள்ள நிக்குது. இன்னும் வரிசைல சேரல. சேர்ந்தாத்தான் எழுதி வைக்கும். இப்ப ஆஃப் பண்ணா அவ்வளவு பேரும் போயிடுவாங்க."

"அலமாக், போச்சு." அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "திருப்பித் தட்டச் சொல்லு."

"யாரு பாஸ் தட்டுவா? பாதி ஹால்ல கரண்ட் இல்ல. தட்டினவங்களே இப்ப எங்க இருக்காங்களோ."

பக்கத்து மேசையில் புஷ்பவள்ளி அக்கா இருந்தார். டிரைவர்களுக்குப் போன் போட்டு வழி சொல்பவர் அவர்தான். அவருடைய வீட்டுக்காரர் கமலநாதனும் இதே வேனில் டயலிசிஸுக்குப் போய்வந்தவர். போன வாரம் இறந்துபோனார். இன்னும் கருமாதிகூட ஆகவில்லை. வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை என்று வேலைக்கு வந்துவிட்டார்.

புரோகிராம் எழுதும்போது ஷரோன் தனக்கென்று அதில் ஒரு சின்னப் பின்கதவு விட்டு வைத்திருந்தாள். ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்ளே எட்டிப் பார்க்கலாம். அதன் வழியாக வரிசையில் நிற்பவர்களைத்தான் பார்க்க முடியும். வாசலில் காத்திருக்கும் புதியவர்களைப் பார்க்க முடியாது. வரிசையில் பேர்களை ஒவ்வொன்றாக வரச் சொன்னாள். வந்தார்கள். வந்துகொண்டே இருந்தார்கள். வேகமாக ஓடிய பேர்களுக்கு நடுவே செனாய் ஊர்க்காரர் ஒருவரின் பேர் திரும்ப வந்ததைக் கண்டு திடுக்கிட்டாள்; அதற்கு முன் யார் யார் திரும்பி வந்தார்களோ, கண் அதைப் பிடிக்கவில்லை. வரிசைக்கு முடிவே இல்லை. எங்கேயோ ஒரு கை, பின்னால் நிற்பவரைப் பிடிப்பதற்குப் பதில் முன்னால் நிற்பவரைப் பிடித்துவிட்டது. சும்மா இருக்கும் கையைத் தேடிப்போன புரோகிராம் சுற்றிச் சுற்றி அதே முகங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறது. திமோத்தி எங்கேயோ அதன் முதுகுக்குப் பின்னால் நிற்கிறான்.

அது மட்டுமென்றால் பரவாயில்லை. சுற்றுகிற புரோகிராம், போகிற வழியில் பார்த்த பேரையெல்லாம் நினைவில் குறித்துக்கொண்டே போயிற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் குறிப்பு பெருகியது. திரையின் மூலையில் மெஷினின் நினைவு எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் சிவப்புக் கோடு பாதியைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. அது முட்டினால் யாரும் ஆஃப் பண்ண வேண்டாம். மெஷின் தானே புரோகிராமைக் கொன்றுவிடும். வாசலில் நிற்பவர்கள் எல்லாரும் அதோடு போவார்கள்.

பயந்தவள் கைக்கு முதலில் வந்ததைச் செய்தாள். பார்த்த பேரையெல்லாம் ஒரு பக்கம் எழுதிவைத்து, ஒவ்வொரு புதுப் பேரையும் பழைய பேர்கள் அத்தனையோடும் ஒப்பிட்டுப் பார்க்கிற மாதிரி நாலு வரி எழுதி ஓடவிட்டாள். எந்தப் பேர் இரண்டாவது முறை வருகிறதோ அங்கேதான் முடிச்சு. யோசனை தப்பில்லை. ஆனால் ஜொகூர் வடக்குப் பக்கம் முழுக்க இருந்த நோயாளிகள் அந்த ஒரே வரிசையில்; பழையதும் புதியதும் என்று பெரிய வரிசை. எழுதி வைக்கவும் இடம் வேண்டும், ஒப்பிடவும் நேரம் வேண்டும். சிவப்புக் கோடு ஒரே தாவாகத் தாவியது. அவள் பதறிப்போய்த் தான் எழுதியதைத் தானே நிறுத்தினாள்.

"ஏறுதும்மா," என்றார் ராஜசேகரன்.

"தெரியுது பாஸ்."

"நான் ஒண்ணும் சொல்லல."

"கொஞ்ச நேரம் அப்படியே சொல்லாம இருங்க."

மேசைக்குக் கீழே கையை வைத்து, மாதாவே, அவன் மூச்சு விடட்டும் என்றாள். மறுபடி திரையைப் பார்த்தாள். எழுதி வைக்க இடமில்லை. எழுதாமல் எப்படிக் கண்டுபிடிப்பது?

இதே கேள்வியை ஒருவர் அவளிடம் கேட்டிருக்கிறார். சிங்கப்பூரில், கண்ணாடி அறையில், வேலைக்கு ஆள் எடுக்கும்போது. அன்றைக்கும் அவள் எல்லாப் பேரையும் எழுதி வைப்பேன் என்றுதான் சொன்னாள். எழுத இடமே இல்லையென்றால் என்று கேட்டார் அவர். அந்த வேலை கிடைக்கவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் எல்லைப் பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டு, இனி எதற்கும் உதவாத விடையைக் கைப்பேசியில் தேடிப் படித்தாள். படித்தபோது ஆத்திரம்தான் வந்தது, அவ்வளவு லேசாக இருந்தது விடை.

இரண்டு பேரை நடக்கவிடு. ஒருவர் ஓரோர் அடியாக நடக்கட்டும். மற்றவர் இரண்டிரண்டு அடியாகப் போகட்டும். முட்டுச்சந்தாக இருந்தால் வேகமாகப் போகிறவர் சுவரில் போய் நிற்பார். பாடாங் மைதானத்தைச் சுற்றி ஓடுகிற மாதிரி வளையமாக இருந்தால், வேகக்காரர் ஒரு சுற்று வந்து மெதுவாகப் போகிறவரைப் பின்னாலிருந்து பிடித்தே தீருவார். எதையும் எழுதி வைக்க வேண்டாம். இரண்டு விரல் போதும்.

ஷரோன் எழுதினாள். இரண்டு முறை அழித்து எழுதினாள். ஓடவிட்டாள். சிவப்புக் கோடு அதனால் ஒரு மயிரிழைகூட நகரவில்லை. நடந்தவர்கள் இரண்டு பேரும் கண் இமைக்கும் நேரத்தில் ஒரு பேரில் சந்தித்தார்கள். பேச்சியம்மாள், கூலாய்.

"கிடைச்சிருச்சா?" ராஜசேகரன் எழுந்தார்.

"இல்ல பாஸ். வளையம் இருக்குன்னு தெரிஞ்சிருக்கு. எந்த இடத்துல கோத்துக்கிச்சுன்னு இன்னும் தெரியல."

அதற்கும் அந்த விடையில் ஒரு வரி இருந்தது. சந்தித்த இடத்திலேயே ஒருவரை நிற்க வை. மற்றவரை வரிசையின் தலைக்குத் திருப்பி அனுப்பு. இப்போது இருவரும் ஒரே வேகத்தில், ஓரோர் அடியாக நடக்கட்டும். வளையத்துக்குள் நுழைகிற வாசலில் இருவரும் மோதிக்கொள்வார்கள். ஏன் அங்கே மோத வேண்டும் என்பதற்குக் கணக்கு உண்டு. அந்த நேரத்தில் அவளுக்கு அந்தக் கணக்கு சுத்தமாக மறந்துவிட்டது. கோடு உச்சிக்கு ஒரு விரல் கீழே நின்றது. யோசித்துக்கொண்டிருந்தால் அண்ணன் போய்விடுவான். புரியாமலே நம்பி எழுதினாள்.

மோதிய பேர் விஜயன், செனாய். காலையில் இரண்டாம் முறை வந்து அவளைப் பயமுறுத்தியவர்.

ஆக விஜயனின் கையை இரண்டு பேர் பிடித்திருக்கிறார்கள். ஒருவர் முறைப்படி அவருக்கு முன்னால் நிற்கிற ரூபினி. இன்னொருவர் யார்? விஜயனிலிருந்து புறப்பட்டு, "அடுத்து விஜயன்" என்று சொல்கிற ஆள் வரும்வரை நடக்கச் சொன்னாள். வந்தார்.

கமலநாதன்.

ஷரோன் திரும்பிப் பார்த்தாள். புஷ்பவள்ளி அக்காவின் நெற்றி வெறுமையாக இருந்தது. எப்படிக் கேட்பது என்று தெரியாமலே கேட்டாள்.

"அக்கா, கமலநாதன் அண்ணன் பேரு நடுவுலதான இருக்கும். எப்படிக் கடைசில வந்துச்சு?"

புஷ்பவள்ளி அவள் பக்கம் திரும்பினார். போனைக் கவிழ்த்து வைத்தார்.

"நான்தாம்மா மாத்தினேன். காலைல மதிவாணன் வேன்லேருந்து போன் பண்ணான். 'அக்கா, தெனம் அண்ணன் பேரு நடுவுல வருது, நிப்பாட்டி வரலன்னு அமுக்கினாத்தான் அடுத்த பேரு காட்டுது. இன்னைக்கு வெள்ளம், நிக்க நேரமில்ல, எடுத்துருங்கக்கா'ன்னான். அவன் சொன்னது நாயந்தான். ஆனா காரியம் முடியல. பதினாறுக்குள்ள என் கையால எப்படிம்மா அவர் பேர அழிப்பேன்? கடைசில போய் இருக்கட்டும், யாருக்கும் தொந்தரவில்லன்னு தூக்கி வச்சேன்." குரல் இறங்கியது. "அதனாலயா இவ்வளவும்?"

"உங்களால இல்லக்கா. என்னால."

உண்மையும் அதுதான், செல்லங்களே. ஒரு பேரைத் தூக்கிக் கடைசியில் வைக்கிற பொத்தானை அவள்தான் எழுதினாள். அதை யாரும் அதுவரை தொட்டதில்லை. இறந்துபோனவர் பேரை எல்லாரும் எடுத்துவிடுவார்கள். கடைசியில் கொண்டுபோய் நிறுத்த யாருக்கும் தேவை வந்ததில்லை. கமலநாதனைத் தூக்கியபோது ரூபினியின் கையை விஜயனோடு சரியாகச் சேர்த்துவிட்டது அந்தப் பொத்தான். கடைசி ஆளின் கையைக் கமலநாதனிடம் கொடுத்தது. ஆனால் கமலநாதன் ஏற்கெனவே பிடித்திருந்த விஜயனின் கையை விடச் சொல்ல மறந்துவிட்டது. மனிதர் வரிசையின் கோடியில் போய் நின்றார், கை மட்டும் பழைய இடத்தையே பிடித்திருந்தது.

"அவர் பேர அழிச்சிடும்மா," என்றார் ராஜசேகரன் மெதுவாக. "புஷ்பா, தப்பா நெனைக்காத."

புஷ்பவள்ளி புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். "அழி ஷரோன். உங்கண்ணன் உசுரோட இருக்காரு. இவரு கோவிச்சுக்க மாட்டாரு."

"அழிக்க வேணாம்க்கா. அழிக்கிறதும் நான் எழுதினதுதான், அத இப்ப நம்பிக் கை வைக்கப் பயமா இருக்கு. அவர் பேரு இருக்கட்டும். கைய மட்டும் விடச் சொல்றேன்."

ஒரே ஒரு வரி. கமலநாதனுக்கு அடுத்து யாரும் இல்லை. எழுதிவிட்டு அதை அமுக்க அவளால் முடியவில்லை. தப்பாக ஒரு பேரை வெட்டிவிட்டால் பின்னால் இருப்பவர் அத்தனை பேரும் இருட்டில் விழுந்துவிடுவார்கள். மறுபடி படித்தாள். மறுபடியும் படித்தாள். கோடு உச்சியைத் தொடப் போனது.

புஷ்பவள்ளி எழுந்து வந்து, ஷரோனின் விரல்மேல் தன் விரலை வைத்து அமுக்கினார்.

வட்டம் நின்றது.

ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பேர்கள் வரத் தொடங்கின. முதலில் ஒரு சீனப் பாட்டியின் பேர், பிறகு மலாய்க்காரர் இருவர், பிறகு சதாசிவம் என்று ஒருவர். ஒவ்வொரு பேராக வந்து முன்னவர் கையைப் பிடித்தது. கமலநாதனின் சும்மா கிடந்த கையை அந்தச் சீனப் பாட்டி பிடித்துக்கொண்டார். ஷரோன் படித்துக்கொண்டே வந்தாள். திமோத்தி இல்லை. அடுத்தது. இல்லை. அடுத்ததும் இல்லை. படகிலிருந்து இறங்கியவனுக்குத் தன் பேரைச் சொல்லத் தெம்பில்லாமல் போயிருந்தால்?

கடைசிக்கு முந்தியதாக வந்தான். தமிழ்ப்பள்ளி மண்டபம். தொண்டர் யாரோ கீழே ஒரு வரி தட்டியிருந்தார்: படுக்க வைத்திருக்கிறோம், மூச்சு வாங்குகிறது, சீக்கிரம். தட்டிய நேரம் காலை. இப்போது மத்தியானம் தாண்டிவிட்டது.

"மதி," புஷ்பவள்ளி அதற்குள் போனில் இருந்தார். "எங்க இருக்க? சரி, அத விடு. தமிழ்ப்பள்ளி மண்டபம். பின் பக்கம் மேட்டு ரோடு. தண்ணி வேன் கதவு வரைக்கும் வந்தாலும் போ. ஷரோன் அண்ணன்."

பிறகு காத்திருப்பது. அதைப் பற்றி எவ்வளவு சொன்னாலும், காத்திருந்து பார்க்காதவருக்கு விளங்காது. மற்ற வேன்களுக்கும் பேர்கள் போய்க்கொண்டிருந்தன. சீனப் பாட்டியை ஏற்றியாயிற்று, சதாசிவத்தை ஏற்றியாயிற்று. ஷரோன் ஒவ்வொன்றையும் பார்த்தாள், ஒன்றும் மனத்தில் நிற்கவில்லை. ராஜசேகரன் மூன்று கோப்பை தே வாங்கி வந்தார். மூன்றும் ஆறிப்போயின.

மதிவாணன் கூப்பிட்டான். "ஏத்திட்டேன்க்கா."

ஷரோன் போனை வாங்கினாள். "பேசறாரா?"

"பேசலக்கா. கண்ணு தொறந்துதான் இருக்கு. உதட்டு நெறம் நல்லால்ல." ஹாரன் அடித்தான். "ஹைவேல ஒரு லேன்தான் விட்டிருக்காங்க. நான் ஓரமா ஏறிப் போறேன். சம்மன் வந்தா பாஸ் கட்டட்டும்."

"கட்றேன்டா, போ," என்று ராஜசேகரன் பக்கத்திலிருந்து சொன்னார்.

பெர்மாஸ் ஜெயாவில் ஸ்ட்ரெச்சரோடு வாசலில் நின்றார்களாம். உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்திவிட்டார்கள் என்று மதிவாணன் சொன்னான். அவனுக்கு அதற்குமேல் தெரியாது. வேனை எடுத்துக்கொண்டு அடுத்த பேருக்குப் போய்விட்டான், போகத்தான் வேண்டும். ஷரோனும் கிளம்பியிருப்பாள். ஆனால் வரிசையில் இன்னும் ஏறாதவர்கள் இருந்தார்கள், புரோகிராம் மறுபடி தடுக்கினால் அதன் கையைப் பிடிக்க அவளைத் தவிர ஆள் இல்லை. உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். புஷ்பவள்ளி அவள் பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. நர்ஸின் போன். பேசியது நர்ஸ் இல்லை.

"பாப்பா."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"மெஷின்ல இருக்கேன்." குரல் சல்லடையில் சலித்த மாதிரி இருந்தது. "இன்னும் கொஞ்சம் லேட்டாயிருந்தா டாக்டர் என்னமோ சொன்னாரு, நான் சரியா கேக்கல. வேன் லேட்டு. கம்ப்ளேன் எழுதணும். யார்கிட்ட குடுக்கறது?"

"என்கிட்டதான்."

"அப்ப வேணாம். நீ அழுவ."

அவள் அழுதுகொண்டுதான் இருந்தாள். அழுதபடியே, திரையில் அடுத்து ஏற வேண்டியவரின் பேரை மதிவாணனுக்கு அனுப்பினாள்.

கதை இவ்வளவுதான், கண்ணுகளா. எழுந்திருங்கள், மழை விட்டிருக்கிறது. உங்கள் வீட்டில் யாருக்காக வாசல் விளக்கு எரிகிறதோ அவர் நனையாமல் வந்து சேரட்டும். உங்கள் அடுப்படியில் தண்ணீர் ஏறாதிருக்கட்டும். உங்கள் வீட்டு நோயாளிக்குக் காலையில் பசி எடுக்கட்டும், பசிக்கு முன்னால் சோறு இருக்கட்டும். கூப்பிட்டால் எடுக்கிற ஒரு குரல் உங்கள் எல்லார் வீட்டிலும் எப்போதும் இருக்கட்டும்.